ஞானாபரணம், வயது ஒன்று மாதம் இரண்டு

அந்த ஓரத்தைப் பிடிச்சுப் புரட்டாதியம்மா, உதிர்ந்திரும். அடியில உள்ளங்கையைக் குடுத்து, ஆங், அப்படி. பிஞ்சுப்போன தோசையைத் திருப்புத மாதிரி மெல்ல. நூத்தம்பது வருஷத்துப் பேப்பர்லா.

நீங்க தேடுத ஆளு எந்த வருஷம்னு சொன்னிய? ஆயிரத்து எண்ணூத்தி எழுவத்தொண்ணா. அப்பம் இதுதான், ரெண்டாவது ஞானஸ்நானப் புஸ்தகம். போட்டோ எடுக்கக் கூடாது, தெரியும்லா? பாத்துக் கையாலதான் எழுதிக்கிடணும். மேல இருந்து ஆர்டர். செவ்வாயும் வெள்ளியும் பத்து மணியில இருந்து ஒரு மணி வரைக்குந்தான் பீரோ திறப்பாவ. ஐயர் திறந்து வச்சிட்டு ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருக்காவ. எங்க பக்கம் குருவானவரை ஐயர்னுதான் சொல்லுவோம், நீங்க வேற எதையும் நெனச்சுக்கிடாதிய. என்னை நம்பி விட்டுட்டுப் போவாவ. நான் இங்க சம்பளமில்லாத ஆளு.

பினாங்குல இருந்து இதுக்குன்னே வந்தியளா? நல்லது. நாலு தலைமுறை கழிச்சு ஒரு பொம்பளப் பிள்ள கடல் தாண்டி வந்து கருக்குவிளைக் கோயில்ல பூட்டன் பேரைத் தேடுதுன்னா, அதுக்கு ஒரு மனசு வேணும். என் மக ஷீபா அடிலெய்டுல இருக்கா. ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவா. நான் மூணாம் தலைமுறையைப் பத்தி ஒரு விஷயம் சொல்ல ஆரம்பிச்சா, "அப்பா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா"ங்கா. சாப்பாட்டைப் பத்தி என்ன பேச்சு? "இங்க வந்து எங்ககூட இருங்க, பேத்தி உங்களைக் கேக்குறா"ங்கா. இங்கன வேலை கெடக்கு, அங்க போயி என்ன செய்ய? நான் போனை வச்சிருவேன்.

என் பேரு ஞானாபரணம். அப்பா பேரு மாசிலாமணி. தாத்தா பேரு ஞானாபரணம். அவிய அப்பா மாசிலாமணி. சிரிக்காதிய. ஏழு தலைமுறை, ரெண்டே பேரு. எங்க குடும்பத்துல மூத்த ஆணுக்குத் தாத்தா பேரைத்தான் போடணும், அது மாறுனதே இல்ல. முத முதல்ல வேதத்துக்கு, கிறிஸ்தவத்துக்கு வந்தவரு சுடலைமுத்து. நாப்பத்தி நாலு வயசுல முழுகி எந்திரிச்சு ஞானாபரணம் ஆனாரு. அவருதான் முதலு, நான் ஏழாவது. எனக்குப் பொறந்தது பொம்பளப் பிள்ளையாப் போச்சு, அதனால சங்கிலி என்னோட நின்னுபோச்சு. அந்தச் சுருளை விரிங்க, பாக்கலாம். எங்க வம்சப் படம், டிராயிங் பேப்பர்ல நானே ஸ்கேல் வச்சுப் போட்டது. அழகா இருக்குல்லா?

எங்க அம்ம பேரு எங்கன்னா கேக்கிய? பொம்பளைய பேரு எழுதுத வழக்கம் இல்லம்மா. எடம் எங்க இருக்கு? சொர்ணம்னு பேரு. வாயால சொல்லியாச்சுல்லா, போதும்.

நான் நாப்பத்தொரு வருஷம் வடக்க ஒரு உருக்காலையில சோதனைப் பிரிவுல இருந்தேன். தண்டவாளம் வரும், தட்டிப் பாத்து, தடவிப் பாத்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒதுக்கிருவேன். என் கையெழுத்து இல்லாம ஒரு கம்பி வெளிய போவாது. வீட்டுக்காரி ரீட்டா போய்ச் சேந்து அஞ்சு வருஷம் ஆச்சு. அப்புறம் அங்க ஏன் இருக்கணும்னு ஊருக்கு வந்துட்டேன். அப்பா கெட்டுன வீடு, ஆறு ரூம்பு. ஒரு ரூம்புல படுப்பேன், அஞ்சைப் பூட்டி வச்சிருக்கேன். ரெண்டு நாளைக்கு ஒரு தரம் சோறு வடிப்பேன். கரண்டு ரீடிங் எடுக்க வாறவனை உக்காரச் சொல்லி காப்பி போட்டுக் குடுப்பேன். போன மாசம் அவனும் வேற லைனுக்குப் போயிட்டானாம். இப்பம் ஒரு பொண்ணு வாறா. அவ உக்கார மாட்டேங்கா.

சரி, விஷயத்துக்கு வாறேன். கோயிலுக்கு நூத்தி எழுவத்தஞ்சாவது வருஷம்னு மலர் போட்டாவ. ஆதிக் குடும்பங்க எல்லாம் வம்ச வரலாறு குடுங்க, ஆனா பதிவேட்டுல உள்ளபடி இருக்கணும்னு சொல்லிட்டாவ. சொந்தக்காரங்க யாருக்கும் அக்கறை இல்ல. நான் துணிஞ்சு இறங்கிட்டேன். போன வருஷம் லெந்து நாள், அதான் தவக்காலம், பூரா இந்த நாற்காலியிலதான். நாப்பது நாளும் ஒருபொழுது வேற. செவ்வாய் வெள்ளி இங்க, மத்த நாள் வீட்டுல உக்காந்து எழுதுனதையே திருப்பி எழுதிக்கிட்டு இருப்பேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். இல்லாட்டா உங்களுக்கு விளங்காது. எங்க அம்ம என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஒரு நாளும். "ஏலே", "இந்தால", "வந்து தின்னுட்டுப் போ". அவ்வளவுதான். அப்பா ஞானாபரணம்னு வாய் நிறையக் கூப்பிடுவாவ, தாத்தா கூப்பிடுவாவ, அம்ம மாத்திரம் மாட்டா. நான் ஒத்தப்பிள்ளை பாத்துக்கிடுங்க. தெருவுல எட்டுப் பிள்ளை பெத்தவளே எட்டையும் பேர் சொல்லி அடிப்பா. நமக்கு அந்த அடிக்கும் வழியில்ல. பெறவு கல்யாணம் ஆச்சு. வீட்டுக்காரி புருஷன் பேரைச் சொல்லமாட்டா, அது முறை, விட்டுருவோம். ஆலையில எல்லாவனுக்கும் நம்பர்தான்.

இன்னொண்ணும் இருக்கு. என் பொறந்தநாள் ஆகஸ்ட் பதினாலு. எங்க கோயில்ல பொறந்தநாள் வந்தா அந்த ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை போடுவாவ. ஐயர் மேல நின்னுக்கிட்டு, இன்னாருக்கு இன்ன தேதியில பொறந்தநாள், கர்த்தர் ஆயுசைக் கூட்டித் தரட்டும்னு வாசிப்பாவ. அப்பா எனக்குப் புதுச்சட்டை எடுத்துப் போட்டு முன் வரிசையில நிறுத்துவாவ. ஐயர் "ஆகஸ்ட் பதினாலு, ஞானாபரணம்"னு வாசிச்ச உடனே அம்ம எந்திரிப்பா. பொம்பளைய பக்கத்துல இருந்து எந்திரிச்சு, முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, கோயிலை விட்டு வெளிய போயிருவா. வருஷா வருஷம். அன்னைக்குப் பூரா பச்சத்தண்ணி குடிக்க மாட்டா. நான் முட்டாய்த் தட்டை ஏந்திக்கிட்டு வாசல்ல நிப்பேன். எல்லாரும் எடுப்பாவ. அவளுக்குன்னு ஒண்ணை எடுத்து வச்சிருப்பேன், அது கையிலேயே பிசுபிசுன்னு ஆயிரும்.

பத்து வயசுல அப்பாட்ட கேட்டேன். "அம்மைக்கு என்னைப் பிடிக்கலையாப்பா?" அப்பா செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாவ. பத்தொம்பது வயசுல வேலை கெடச்சதும் வடக்க போனேன். லீவுக்கு வருவேன், போவேன். அவ தந்ததைத் தின்னேன், நான் தந்ததை அவ உடுத்துனா. தொண்ணூத்தி எட்டுல அவ செத்தா. மூணு நாள் ரயில்ல வந்து சேந்தப்போ அடக்கம் முடிஞ்சிருச்சு. எனக்கு அழுகை வரல. ஊர்ல அதையும் ஒரு குத்தமாப் பேசுனாவ.

இப்பம் லெந்துக்கு வருவோம். தாத்தா செத்த தேதி எனக்கு வேணும். அம்பதுல இருந்து அறுவத்தஞ்சு வரைக்கும் உள்ள அடக்கப் பதிவேட்டை எடுத்து, விரலை வச்சுக்கிட்டே வாறேன். ஞானாபரணம், தகப்பன் பேரு மாசிலாமணி. ஆகா, கெடச்சிட்டாவய்யான்னு சந்தோசம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தஞ்சு, அக்டோபர் பதினேழு. தாத்தா என்னைக் கூப்பிட்டது ஞாபகம் இருந்தும், சந்தோசத்துல வருஷத்தை யோசிக்காம நோட்டுல எழுதிட்டேன். தாத்தான்னு பக்கத்துல போட்டாச்சு. அப்புறந்தான் வயசு என்னன்னு அடுத்த கட்டத்தைப் பாத்தேன். ஒரு வருஷம் ரெண்டு மாசம். காரணம், கக்குவான் இருமல்.

ஒரு வயசுல ஒருத்தரு தாத்தா ஆக முடியுமா? கணக்குப் போட்டேன். அம்பத்தஞ்சு அக்டோபர்ல ஒரு வருஷம் ரெண்டு மாசம்னா அம்பத்தி நாலு ஆகஸ்டு. நான் பொறந்த மாசம், நான் பொறந்த வருஷம். பேரு என் பேரு, அப்பா பேரு என் அப்பா பேரு, வீடு எங்க வீடு. என்னைய அம்பத்தஞ்சுலயே அடக்கம் பண்ணியிருக்காவ.

எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க. இதென்ன பதிவேடா, விளையாட்டா? நேரா ஐயர்ட்ட போனேன். இது பிழை, இதை அடிச்சுத் திருத்தணும்னேன். ஐயர் சின்ன வயசுக்காரரு, பொறுமைசாலி. "பழைய பதிவை நாம தொடக்கூடாது அண்ணாச்சி"ன்னாவ. நான் விடுவனா? மனு எழுதிக் குடுத்தேன். மலர்க் கமிட்டிச் செயலாளர் தங்கபுஷ்பம்னு ஒருத்தரு, ஆளு பேருதான் அப்படி, மீசை இம்புட்டு இருக்கும், அவரு மனுவை வாசிச்சிட்டு, "செத்தவரு மனு குடுத்தா வாங்குததுக்கு எங்க சட்டத்துல இடமில்லையே"ன்னு சிரிக்காரு. கமிட்டி பூராவும் சிரிச்சுச்சு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். மூணு வாரம் கோயிலுக்கே வரல. ஏன் வரலன்னு கேக்க ஒரு ஆளு வரல. நாலாவது வாரம் நானாத்தான் வந்தேன்.

அன்னைக்கு ஐயர் என்னை இங்கன உக்காத்தி, ஞானஸ்நானப் புஸ்தகத்தைத் திறந்து வச்சாவ. அம்பத்தி நாலு ஆகஸ்ட் பதினாலு பொறப்பு, ஞானாபரணம். சரி, இது நான்தானேன்னேன். ஐயர் ரெண்டு வருஷம் தள்ளிப் புரட்டுனாவ. அம்பத்தாறு நவம்பர் இருபது பொறப்பு. தகப்பன் மாசிலாமணி, தாய் சொர்ணம். பிள்ளை பேரு, அதே ஞானாபரணம்.

அவன் மூத்தவன். நான் ரெண்டாவது. அவன் செத்துட்டான்னு, தாத்தா பேரு அத்துப்போயிரக் கூடாதுன்னு, அதே பேரை எனக்கு வச்சிருக்காவ. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது எனக்கு அஞ்சு வயசு நிறையல. அப்பம் ஞானஸ்நானச் சீட்டுதானே வயசுக்கு அத்தாட்சி. அப்பா வீட்டுல கெடந்த அவன் சீட்டைக் கொண்டுபோயி நீட்டிட்டாவ. பேரு ஒண்ணு, அப்பன் ஒண்ணு, எவன் கேப்பான்? அதுல இருந்து அவன் பொறந்தநாள் எனக்குப் பொறந்தநாள் ஆயிருச்சு. ரெண்டு வருஷம் மூணு மாசம் முன்னாலேயே நான் ரிட்டயர் ஆனேன், தெரியுமா? அண்ணன் வயசுக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாவ. விரிசல் பாத்தே காலத்தை ஓட்டுன ஆளு நான். என் சீட்டை நான் பாக்கலை.

மேலத்தெரு தாசம்மா மதினிட்ட போயி கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சோம்"னாவ. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. யாரும் சொல்லலையேன்னேன். "நீங்க எப்பம் வந்து எங்க வாசல்ல உக்காந்திய, நாங்க சொல்லுததுக்கு?"ன்னு கேட்டாவ. மதினிக்கு எப்பமும் ஒரு குத்தல் பேச்சு உண்டு, அதை விடுங்க.

மதினிதான் சொன்னாவ. ஐயர் ஆகஸ்ட் பதினாலு ஞானாபரணம்னு வாசிச்சதும் அம்ம எந்திரிச்சு எங்க போவான்னா, கோயிலுக்குப் பின்னால கல்லறைத் தோட்டத்துக்காம். சின்னப் பிள்ளையளைப் புதைக்குத வடக்கு மூலையில போயி நிப்பாளாம். உள்ள அவன் பேரைச் சொல்லி அவனுக்கு ஆயுசு கேக்காவ. சனம் பூரா ஆமேன்னு சொல்லுது. நான் புதுச்சட்டையில நிக்கேன். அவ எப்படிம்மா உள்ள இருப்பா?

எனக்கு இது விளங்குது. விளங்காம இல்ல. ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? "ஏலே, உனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான்"னு. அம்புட்டுப் போதுமே. நான் என்ன கல்லா? அறுவது வருஷத்துக்கு மேல எங்க அம்மைக்கு என்னைப் பிடிக்காதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்திருக்கேன். அன்னைக்கு மதினி வீட்டுல இருந்து வந்து, பூட்டிக்கெடந்த அம்ம ரூம்பைத் திறந்து உக்காந்து அழுதேன். தொண்ணூத்தி எட்டுல வராத அழுகை. சத்தம் போட்டு அழுதேன். பக்கத்துல வீடு இல்லாதது அன்னைக்கு நல்லதாப் போச்சு.

மலர் வந்துச்சு, ஆமா. எங்க குடும்பம் முப்பத்தி ரெண்டாம் பக்கம். சுடலைமுத்துல இருந்து என் வரைக்கும் ஏழு பேரு, கட்டம் கட்டி. அண்ணனையா? இல்ல, போடல. ஒரே பேரு ஒரே தலைமுறையில ரெண்டு தரம் வந்தா வாசிக்குத சனம் குழம்பும். சங்கிலி ஒழுங்கா இருக்கணும்லா. தங்கபுஷ்பம்கூட, "ஒரு வரி சேத்துக்கிடலாமே அண்ணாச்சி"ன்னாரு. வேண்டாம்னுட்டேன். ஒரு வயசுப் பிள்ளைக்கு வரலாறுல என்ன இருக்கு?

எழுதி முடிச்சிட்டியளா? பேரு கெடச்சிட்டா? காட்டுங்க. ஆமா, இதுதான் உங்க பூட்டன். தகப்பன் பேரும் தெளிவா இருக்கு பாருங்க. குடுத்துவச்சவ நீங்க. ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு. பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தான், சாத்தான்குளம் போறது. நேரம் கெடக்கு. உக்காருங்க.

எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும்மா. இந்தப் புஸ்தகம், அம்பத்தாறு. நாப்பத்தேழாம் பக்கம். இந்த வரி. என் வரி இதுதான். பேரு எழுதுத கட்டத்தைப் பாருங்க. ஞானாபரணம்னு மேல பொடிசா எழுதி, பக்கத்துல அந்தக் காலத்து ஐயர் சுருக்கொப்பம் போட்டிருக்காவ. கீழ ஒரு பேரு எழுதி அடிச்சிருக்கு. தெரியுதா? அடின்னா அப்படி ஒரு அடி, மூணு கோடு.

ஞானஸ்நானத்துக்கு முந்தின சனிக்கிழமை வந்து பேர் குடுக்கணும். அன்னைக்கு வந்து குடுத்தது அம்மயாம். தனியா வந்திருக்கா. அவ சொன்ன பேரை எழுதிட்டாவ. மறுநாள் ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்துல ஐயர் அந்தப் பேரை வாசிச்சதும் தாத்தா சத்தம் போட்டாவளாம், "நான் இருக்கும்போதே என் பேரை அத்துவிடப் பாக்காளா"ன்னு. அங்கனவச்சே அடிச்சு மாத்தியிருக்காவ. மதினி அப்பம் ஒம்பது வயசுப் பிள்ள, கூட நின்னு பாத்திருக்காவ. என்ன பேருன்னு ஞாபகம் இல்லங்காவ. நானும் அஞ்சாறு தரம் போயி கேட்டாச்சு. இப்பம் என்னைக் கண்டா கதவைச் சாத்துதாவ.

செவ்வாயும் வெள்ளியும் நான் இங்க வாறது இதுக்குத்தான். லென்ஸ் வச்சுப் பாத்தாச்சு. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாச்சு. போன மாசம் ஒரு காலேஜ் சார் வந்தாவ, "ச"வுல ஆரம்பிக்குதுன்னாவ. அதுக்கு முந்தி வந்த டாக்டரம்மா "ப"ன்னாவ. எனக்கு ஒரு நாள் ஒரு மாதிரித் தெரியுது, மறுநாள் மாறிருது. அவ எனக்குன்னு வச்ச பேரு அது. செத்தவனுக்குள்ளது இல்ல, தாத்தாவுக்குள்ளது இல்ல. எனக்குன்னு யோசிச்சு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு தனியா நடந்து வந்து குடுத்துட்டுப் போன பேரு.

உங்க கண்ணு நல்ல கண்ணு, இளங்கண்ணு. பாருங்க. அவசரமில்ல.

தெரியலையா? கொஞ்சம் சாய்ச்சு வச்சுப் பாருங்க. இல்லையா.

சரி, பரவால்ல. ஒண்ணு செய்யுங்க. உங்களுக்கு என்னமாத் தெரியுதோ அதைச் சொல்லுங்க. தப்பா இருந்தா இருந்துட்டுப் போகுது, யாரு கேக்கப் போறா? எழுதித் தர வேண்டாம். வாயால சொல்லுங்க. நான் அந்த வாசல்கிட்டப் போயி அங்கிட்டுப் பாத்து நின்னுக்கிடுதேன். பின்னால இருந்து ஒரு தரம், சோறு திங்கக் கூப்பிடுத மாதிரி, அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுங்க.